குழுவில் சேர்ந்ததால் வருமானம் கூடியதா? காரண–விளைவு முறைகளை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

கன்னியாகுமரி மாவட்டத்தில் சமூக அறிவியல் பக்கம் ஆராய்ச்சி செய்த எவருக்கும் இந்தத் தலைப்பு மனப்பாடமாக இருக்கும்: "மகளிர் சுய உதவிக் குழுக்களின் சமூகப் பொருளாதாரத் தாக்கம்: கன்னியாகுமரி மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு". முந்நூறு பேர் மாதிரி, ஐந்து புள்ளி லைக்கர்ட் அளவுகோல், எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒரு கை-ஸ்கொயர், ஒரு டி-டெஸ்ட், கடைசி அத்தியாயத்தில் "குழுவில் சேர்ந்த பெண்களின் வருமானம் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்துள்ளது". என் எம்.ஃபில். ஆய்வேடும் இதே அச்சில் வார்த்ததுதான். வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குழுவில சேர்ந்ததால வருமானம் கூடிச்சாம்மா, இல்ல, கையில கொஞ்சம் காசும் வெளிய போய்வர வீட்டுல சம்மதமும் இருக்கிறவங்கதான் குழுவில சேர்றாங்களா?" பி-மதிப்பு 0.05க்குக் கீழே இருக்கிறது சார் என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பட்டம் கிடைத்தது, கேள்வி அப்படியே நின்றது.

இப்போது பகுதிநேரமாக பிஎச்.டி. செய்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறைகளைப் படிக்க வேண்டும் என்று இறங்கியபோதுதான் எத்தனை வாசல்கள் என்று தெரிந்தது. பணம் கட்டிப் போகிற ஏழு நாள் வொர்க்‌ஷாப் ஒன்று. ஜூடேயா பெர்ல் வழியில் அம்புக்குறிப் படம் போட்டுத் தொடங்குவது இன்னொன்று. பொதுச் சுகாதாரக்காரர்கள் படிக்கும் ஹெர்னான்–ராபின்ஸ் புத்தகம் மூன்றாவது. ஆங்கிரிஸ்ட் வகைப் பொருளாதாரக்காரர்களின் பாதை நான்காவது. நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் தலையை விட்டுப் பார்த்து, ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். ரிக்ரஷன் அட்டவணையைப் பார்த்தால் எந்த எண் எதற்கு என்று சொல்லத் தெரிந்த, கணிதத்தில் பெரிய பயிற்சி இல்லாத, வேலையும் வீடும் பார்த்துக்கொண்டே படிக்கிற ஆட்களுக்காக இது. எகனாமெட்ரிக்ஸ் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வொர்க்‌ஷாப்பை முதலில் முடித்துவிடுகிறேன். மூவாயிரத்துச் சொச்சம் கட்டினேன், ஆன்லைன், மாலை ஆறு முதல் எட்டு. அறிவிப்பில் காரண–விளைவு என்று இருந்தது. உள்ளே போனால் ஏமோஸ் மென்பொருளில் வட்டமும் சதுரமும் போட்டு அம்பு இழுக்கும் ஸ்ட்ரக்சுரல் ஈக்வேஷன் மாடலிங். அந்த முறையில் குற்றம் இல்லை, சூவல் ரைட் என்ற மரபியலாளர் 1921இலேயே தொடங்கிவைத்த பாதைப் பகுப்பாய்வின் பேரப்பிள்ளை அது. ஆனால் அதில் நாம் இழுக்கும் அம்பு நம்முடைய அனுமானம். மாடல் "நன்றாகப் பொருந்துகிறது" என்று கணினி சொல்வதால் அம்பின் திசை நிரூபணமாகிவிடாது, ஏனென்றால் அம்பைத் திருப்பிப் போட்டாலும் பல சமயம் அதே அளவுக்குப் பொருந்தும். இந்த ஒரு வாக்கியத்தை ஏழு நாளில் யாரும் சொல்லவில்லை. சான்றிதழ் பிடிஎஃப் மட்டும் நேரத்துக்கு வந்தது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றால் போங்கள், படிக்க வேண்டும் என்றால் அந்தக் காசுக்கு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

பெர்ல் காட்டும் வழி அப்படியில்லை, அதில் நிஜமான சரக்கு இருக்கிறது. 2011க்கான டூரிங் விருது பெற்ற கணினி அறிவியலாளர் அவர். அவருடைய கருவி அம்புப் படம்: எது எதைப் பாதிக்கிறது என்று நீங்கள் நம்புகிறீர்களோ அதைத் தாளில் வரைந்துவிட்டு, எதைக் கட்டுப்படுத்த வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று அந்தப் படத்திலிருந்தே படித்துக்கொள்வது. என் பழைய ஆய்வேட்டில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்பதையும் ஒரு கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்திருந்தேன். "நிறைய மாறிகளைக் கட்டுப்படுத்தினால் நல்லது" என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா? படம் வரைந்தால் தப்பு உடனே தெரிகிறது. குழுவில் சேர்வதால் கணக்குத் திறக்கிறார்கள், கணக்கால் கடன் கிடைக்கிறது, கடனால் வருமானம். நான் எதை அளக்க நினைத்தேனோ அதன் வழியையே அடைத்துவிட்டு, தண்ணீர் வருகிறதா என்று குழாயடியில் காத்திருந்திருக்கிறேன்.

இன்னொரு பொறி கொலைடர், அதாவது இரண்டு காரணங்களின் அம்புகள் வந்து முட்டும் மாறி. இதற்கு நம் மாவட்டத்தில் நல்ல உதாரணம் உண்டு. வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போன பெண்களை மட்டும் எடுத்து சர்வே செய்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே போய்ச் சேர ஒன்று மதிப்பெண் வேண்டும், இல்லை ஏஜென்சிக்கும் பரீட்சைக்கும் கட்ட வீட்டில் பணம் வேண்டும். பணமில்லாமல் போனவள் கெட்டிக்காரியாகத்தான் இருப்பாள். ஆகவே போனவர்களுக்குள் மட்டும் பார்த்தால், வசதி குறைந்த வீட்டுப் பெண்கள்தான் அதிக மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று ஒரு தொடர்பு முளைக்கும். ஊர் முழுக்க எடுத்தால் அந்தத் தொடர்பு இருக்காது, தலைகீழாகக்கூட இருக்கலாம். மாதிரியை எப்படிப் பொறுக்கினோம் என்பதே தொடர்பைப் பெற்றுப்போடுகிறது. இதை அட்டவணையை வெறித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, படம் வரைந்தால் ஐந்து நிமிடம்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பெர்லிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். 2018இல் டானா மெக்கன்சியோடு அவர் எழுதிய பொதுவாசகர் புத்தகம் கதை மாதிரி ஓடும், மாமியார் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் படிக்கலாம். ஆனால் அதை மூடியதும் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து என்ன செய்வது என்று தெரியாது. அவருடைய பெரிய புத்தகமோ நமக்கு மலை. அம்புப் படம் போடக் கற்க இரண்டு சனி ஞாயிறு போதும். அதற்கு ஹெர்னான் நடத்தும் ஹார்வர்டின் இலவச ஆன்லைன் பாடம் இருக்கிறது, முடிவுக்கு வருவதற்கு முன் அனுமானங்களை வரைந்துவிடு என்பதுதான் அதன் தலைப்பே.

அதே ஹெர்னான், ஜேம்ஸ் ராபின்ஸோடு எழுதிய 'வாட் இஃப்' புத்தகம் பிடிஎஃப் ஆக இலவசம். நர்சிங், பொதுச் சுகாதாரம், மக்கள்தொகை ஆய்வு பக்கம் இருப்பவர்கள் இதையே எடுக்கலாம். தொடக்கம் அழகு: ஜீயஸுக்கு இதய மாற்று சிகிச்சை, ஐந்தாம் நாள் இறந்துபோகிறார்; ஹீராவுக்கும் அதே சிகிச்சை, அவர் பிழைக்கிறார்; சிகிச்சை செய்யாமல் விட்டிருந்தால் இவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? அந்த நடக்காத பாதியை நாம் ஒருபோதும் பார்க்க முடியாது என்பதுதான் இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும். அட்டவணை முழுக்க கிரேக்கக் கடவுள்கள். பெயர் மனதில் நிற்காமல் நான் சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் என்று பென்சிலால் மாற்றி எழுதிக்கொண்டேன், அப்புறம் வேகமாகப் போயிற்று. ஆனால் புத்தகத்தின் முக்கிய உதாரணம் புகை விட்டால் எடை கூடுமா என்பது. இரண்டாம் பாகத்திலிருந்து நேரத்தோடு மாறும் சிகிச்சைகள், எடையிடல் என்று போகிறது. அரசுத் திட்டம் ஒன்று வந்தது, அதனால் என்ன ஆயிற்று என்று கேட்கிற நமக்கு அது பக்கத்துத் தெரு.

நம் தெரு நான்காவது வாசல். 2021 பொருளாதார நோபலில் ஒரு பாதி டேவிட் கார்டுக்கும், மறு பாதி ஜோஷுவா ஆங்கிரிஸ்ட்டுக்கும் கீடோ இம்பென்ஸுக்கும் போனதே, அந்தப் பள்ளி. இதன் சுபாவம் வேறு. எல்லா அம்பும் வரைந்து எல்லாக் குழப்பத்தையும் கணக்கில் எடுப்பதாகச் சொல்லாது. யாரோ ஒரு அதிகாரி போட்ட கோடு, ஒரு எல்லை, ஒரு தேதி, ஒரு குலுக்கல் இவற்றால் ஏறக்குறைய ஒரே மாதிரியான மனிதர்கள் இரண்டு பக்கம் பிரிந்துபோன இடத்தைத் தேடும். யாரோடு யாரை ஒப்பிடுவது நியாயம் என்ற ஒற்றைக் கேள்விதான். வைவாவில் என்னிடம் கேட்டதும் அதுவே.

இந்தப் பாதையில் எல்லோரும் பரிந்துரைப்பது ஆங்கிரிஸ்ட்டும் பிஷ்கேயும் எழுதிய 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ் எகனாமெட்ரிக்ஸ்'. தயவுசெய்து முதலில் அதை வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு வருடம் எகனாமெட்ரிக்ஸ் படித்து முடித்தவருக்கு எழுதியது. மூன்றாம் அத்தியாயத்தில் நான் நான்கு மாதம் உட்கார்ந்திருந்தேன். அதே இருவரின் 'மாஸ்டரிங் மெட்ரிக்ஸ்' சிறியது, ஐந்து கருவிகள், குங்ஃபூ ஜோக்குகள், ஆங்கிரிஸ்ட்டே வந்து பேசும் யூடியூப் காணொளிகளும் இலவசமாக உண்டு. இங்கிலீஷ் கேட்டுப் புரிகிறவர்களுக்கு அந்தக் காணொளிகள் நல்ல ஆரம்பம்.

உண்மையான போட்டி இரண்டு புத்தகங்களுக்குள். ஸ்காட் கன்னிங்ஹாமின் 'மிக்ஸ்டேப்', நிக் ஹன்டிங்டன்-க்ளைனின் 'தி எஃபெக்ட்'. இரண்டும் இணையத்தில் முழுசாக இலவசம், இரண்டிலும் ஸ்டேட்டா, ஆர், பைத்தான் மூன்றுக்கும் நிரல் இருக்கிறது. மிக்ஸ்டேப் சொந்தக் குரலில் பேசும், பழைய ஆய்வுகளின் கதையைச் சுவையாகச் சொல்லும், ஆனால் நிகழ்தகவும் ரிக்ரஷன் சமன்பாடுகளுமாக ஆரம்பிப்பதால் ஆர்ட்ஸ் பக்கம் இருந்து வந்தவர்கள் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தி எஃபெக்ட்டின் முதல் பாதியில் கிட்டத்தட்ட சமன்பாடே கிடையாது. ஆராய்ச்சிக் கேள்வி என்றால் என்ன, அம்புப் படம் எப்படி, எந்த வழியை அடைப்பது என்று அண்ணன் தம்பிக்குச் சொல்வதுபோல் போகிறது, இரண்டாம் பாதியில்தான் முறைகள். பெர்லுடைய அம்புப் படத்தையும் ஆங்கிரிஸ்ட்டின் டிசைனையும் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருப்பது இதன் பெரிய பலம். என் முடிவு: தி எஃபெக்ட் முதல் பாதி முழுசாக, பிறகு உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு முறையின் அத்தியாயம், அதே முறைக்கு மிக்ஸ்டேப்பின் அத்தியாயம். மொத்தப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் தரவைத் தொடுவேன் என்று விரதம் இருந்தால் பிஎச்.டி. காலம் முடிந்துவிடும்.

சரி, அந்த ஒரே ஒரு முறை எது? நம் ஊர் ஆட்களுக்கு டிஃபரன்ஸ்-இன்-டிஃபரன்சஸ், சுருக்கமாக டிஐடி: திட்டம் வந்த பக்கத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மாற்றத்திலிருந்து, வராத பக்கத்தின் மாற்றத்தைக் கழிப்பது. ஏன் என்றால் நாம் தமிழ்நாடு–கேரள எல்லையில் உட்கார்ந்திருக்கிறோம்.

கார்டும் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறைக்கு அரிச்சுவடி. 1992 ஏப்ரலில் நியூஜெர்சி குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஆக்கவில்லை. இரண்டு பக்கமுமாக 410 துரித உணவுக் கடைகளில் முன்பும் பின்பும் ஆட்கணக்கு எடுத்தார்கள். கூலி கூடினால் வேலை போகும் என்று பாடப்புத்தகம் சொல்லியது, அப்படிப் போனதாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நடுவில் டெலவேர் ஆறு, நமக்கு நடுவில் களியக்காவிளை செக்போஸ்ட்.

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. களியக்காவிளையிலிருந்து கொஞ்சம் மேற்கே, கேரளத்துப் பாறசாலையில் அப்போது அப்படி ஒரு திட்டம் இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர், மரச்சீனி, வாழை. இரண்டு பக்கமும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. 1956 நவம்பர் 1 வரைக்கும் இரண்டும் ஒரே மாநிலம். பெண்கள் வேலைக்குப் போவது கூடியதா என்று கேட்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஆசையாகத்தான் இருக்கிறது. இப்போது இதைக் கிழித்துப் பார்க்கலாம், ஏனென்றால் டிஐடி படிப்பது என்பது முக்கால்வாசி இந்தக் கிழிப்புதான்.

திட்டம் வந்த இரண்டே நாளில், மே 10 அன்று, தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. கேரளத்தில் மே 8 அன்றே தொடங்கிவிட்டது. ஆக வெறும் 'முன்–பின்' ஒப்பீடு குப்பை. தமிழ்நாட்டை மட்டும் பார்த்தால் இலவசப் பஸ் வந்தவுடன் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள் என்றுகூட வரும். கேரளப் பக்கத்தைக் கழிப்பது இதற்குத்தான். ஆனால் கழிப்பது நியாயமாக வேண்டுமென்றால், பஸ் இலவசமாகியிருக்காவிட்டால் இரண்டு பக்கமும் இணையாக நகர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டும், ஊரடங்கைத் தளர்த்திய வேகம் இரண்டு மாநிலத்திலும் ஒன்றாகவா இருந்தது? அப்புறம் கசிவு. பாறசாலைக்காரி களியக்காவிளை வரை வந்து தமிழ்நாடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் ஆதார் கேட்கப்போவதில்லை. ரேஷன் அரிசி எல்லை தாண்டுகிற ஊரில் திட்டத்தின் பலன் தாண்டாதா? எல்லைக்கு மிக அருகில் போனால் மனிதர்கள் ஒத்திருப்பார்கள், பலன் கசியும். தள்ளிப் போனால் கசிவு குறையும், மனிதர்கள் மாறிவிடுவார்கள்.

தரவு இன்னொரு கண்ணி. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் மொத்தம் 6,36,699 வீடுகள், 707 மாவட்டங்கள், அதாவது மாவட்டத்துக்குச் சராசரியாகத் தொள்ளாயிரம் வீடு. கேரளத்தில் 2019இல் களப்பணி நடந்தது. தமிழ்நாட்டில் 2020 ஜனவரியில் தொடங்கி, ஊரடங்கால் நின்று, 2021 மார்ச்சில் முடிந்தது. இரண்டுமே இலவசப் பஸ்ஸுக்கு முந்தையவை என்பது பரவாயில்லை, ஆனால் அந்த 'முன்' என்பதே இரண்டு பக்கமும் வேறு வேறு காலம், நடுவில் கொரோனா. இதைக் கவனிக்காமல் குமரியையும் திருவனந்தபுரத்தையும் பக்கத்தில் வைத்து அட்டவணை போடும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு என் எம்.ஃபில். ஞாபகம் வருகிறது. மேலும் ஒரு மாவட்டத்துக்கு ஒரு மாவட்டம் என்றால் கொத்து இரண்டுதான். உள்ளே ஆயிரம் பேரைக் கேட்டாலும் மாவட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் உலுக்கும் விஷயங்களைப் பிரித்தறிய முடியாது. பெர்ட்ரண்ட், டுஃப்ளோ, முல்லைநாதன் மூவரும் 2004 கட்டுரையில், டிஐடி ஆய்வுகள் பிழை அளவை எவ்வளவு குறைத்துக் காட்டிவிடுகின்றன என்று விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயம் படியுங்கள்.

கிழக்கு எல்லையை விட்டுவிட்டேன். அங்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், பழைய திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவில் இருந்த கோடு. 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாடு மொத்தத்துக்கு 80.09. திருவிதாங்கூர் ஆட்சிதான் காரணம் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆனால் பஸ்ஸில் முப்பந்தல் தாண்டியவர்களுக்குத் தெரியும்: இந்தப் பக்கம் வயலும் தென்னையும், அந்தப் பக்கம் காற்றாலையும் காய்ந்த பூமியும். ஆட்சி மாறிய அதே கோட்டில் மழையும் மண்ணும் மாறுகிறது. எதன் விளைவு எது என்று எப்படிப் பிரிப்பது? மேற்கு எல்லை இந்த விஷயத்தில் சுத்தம், இயற்கை அங்கே முறியவில்லை. ஆனாலும் 1956இல் அந்தக் கோட்டை யாரும் குலுக்கிப் போடவில்லை, எந்தத் தாலுகாவில் தமிழர் அதிகம் என்று பார்த்துத்தான் போட்டார்கள்.

டிஐடியிலேயே இன்னும் ஒரு விஷயம், இதைப் பழைய புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. காலை உணவுத் திட்டத்தை எடுங்கள். 2022 செப்டம்பரில் 1,545 அரசுப் பள்ளிகள், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகள். அலை அலையாக வந்த திட்டம். இதற்கு எல்லோரும் போடும் வழக்கமான ரிக்ரஷன், முதல் அலைப் பள்ளிகளை இரண்டாம் அலைக்கு ஒப்பீட்டுக் குழுவாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை, சாப்பிடாதவன் என்று கணக்கில் வைப்பதுபோல. திட்டத்தின் பலன் வருடம் ஆக ஆகக் கூடினால் விடையின் கூட்டல்–கழித்தல் குறியே மாறிவிடலாம். குட்மன்-பேக்கன் 2021இல் இதைப் பிரித்துக் காட்டினார், காலவே–சான்ட்'அன்னா அதே வருடம் மாற்று வழி கொடுத்தார்கள், ஆர் மென்பொருளில் அதற்கான தொகுப்பு இலவசம். 2009இல் வந்த 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு இந்தத் திட்டத்தை ஆராயப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்தியாவிலேயே நல்ல டிஐடி பார்க்க வேண்டுமா, முரளிதரனும் பிரகாஷும் 2017இல் வெளியிட்ட பீகார் சைக்கிள் ஆய்வைப் பாருங்கள். பெண்களோடு பையன்களையும், பீகாரோடு ஜார்க்கண்டையும் வைத்து மூன்று அடுக்காகக் கழிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்கிறார்கள். அதைவிட, சந்தேகப்படுகிறவனுக்கு அவர்கள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும் விதம்தான் பாடம்.

ரிக்ரஷன் டிஸ்கன்டினியூட்டி, அதாவது ஒரு வரம்புக்குச் சற்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்களை ஒப்பிடுவது, இரண்டாவதாகப் படிக்கலாம். கருத்து டிஐடியைவிட எளிது, படம் போட்டால் பாட்டிக்கும் புரியும். மகளிர் உரிமைத் தொகை 2023இல் தொடங்கியபோது இருந்த விதிகளில் ஒன்று, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்த வீட்டுக்குக் கிடையாது என்பது. 3,590 யூனிட் வீடும் 3,610 யூனிட் வீடும் வாழ்க்கையில் ஒன்றுதான், ஒரு வீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, இன்னொன்றுக்கு இல்லை. இரண்டரை லட்சம் வருமான வரம்பை வைத்து இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் வருமானத்தை நாமே சொல்கிறோம், எல்லோரும் கோட்டுக்குக் கீழேதான் சொல்வோம். மீட்டர் ஓடிய யூனிட்டைப் பின்தேதியில் மாற்ற முடியாது. ஆனால் அந்த மின்கணக்கு நம் கைக்கு வராது, அங்கேதான் முட்டுகிறது. இந்த முறைக்கு அரசுப் பதிவேடுகள் வேண்டும், அதைப் பெறும் செல்வாக்கு உள்ள கைடு வேண்டும். இல்லாவிட்டால் படித்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இன்ஸ்ட்ருமென்டல் வேரியபிள், அதாவது காரணத்தை வெளியிலிருந்து நகர்த்தும் ஒன்றைக் 'கருவி'யாக வைத்து விளைவை அளப்பது, கடைசியில். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பெண்கல்வியின் விளைவை அளக்க, வீட்டுக்கும் பழைய லண்டன் மிஷன் நிலையத்துக்கும் உள்ள தூரத்தைக் கருவியாக வைக்கலாமே என்று நானே ஒரு வாரம் துள்ளிக்கொண்டு திரிந்தேன். ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து பள்ளிகள் பரவிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கருவி கல்வி வழியாக மட்டும் விளைவைத் தொட வேண்டும் என்பது விதி. மிஷன் பள்ளியோடு நின்றதா? 1838இல் நெய்யூரில் ஆஸ்பத்திரி, நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னல் வருமானம், தோள்சீலைப் போராட்டத்தில் பங்கு. கல்வி அல்லாத பத்து வழியில் அது பெண்களின் வாழ்க்கையைத் தொட்டிருக்கிறது. கருவி செத்தது. ஆங்கிரிஸ்ட்டும் க்ரூகரும் 1991இல் பிறந்த காலாண்டைப் படிப்புக்குக் கருவியாக்கிப் பெயர் பெற்றார்கள், 1995இல் பௌண்டும் கூட்டாளிகளும் அது எவ்வளவு பலவீனமான கருவி என்று காட்டினார்கள். அதை நம் ஊரில் நினைத்தே பார்க்க முடியாது, ஹெட்மாஸ்டர் எழுதிய தேதிப்படி பாதிப்பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்.

மேட்சிங், அதாவது ஒரே மாதிரியான உறுப்பினரையும் உறுப்பினர் அல்லாதவரையும் ஜோடி சேர்ப்பது, சுய உதவிக் குழு ஆய்வுகளுக்கு மிகவும் பிடித்தமானது. ஜர்னல்களில் சுலபமாகப் போகிறது. வயது, படிப்பு, நிலம் எல்லாம் ஜோடி சேர்ந்துவிடும். வீட்டுச் சம்மதம் சேராது. என் தேர்வாளர் கேட்டது அந்தச் சம்மதத்தைத்தான். குலுக்கல் பரிசோதனை பற்றி எழுதவில்லை, பணமும் அனுமதியும் உள்ளவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மென்பொருளில் யோசிக்க ஒன்றுமில்லை: ஆர். இலவசம், நான்கு ஜிபி ராம் இருக்கும் பழைய லேப்டாப்பிலும் ஓடும், புது முறைகள் அதில் சீக்கிரம் வருகின்றன. ஸ்டேட்டா அருமையானது, உரிமம் வாங்கித்தரும் நிறுவனத்தில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பைத்தான் ஏற்கெனவே தெரிந்தால் மாற வேண்டாம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் இவற்றில் பலவற்றை இழுத்துப்பறித்துச் செய்யலாம், ஆனால் மெனுவில் தேடிக் கிளிக் செய்கிற பழக்கம் போகாமல் இந்த விஷயம் மண்டையில் ஏறாது.

தனியாகப் படிக்க வேண்டாம். சென்னை நமக்கு எழுநூறு கிலோமீட்டர். திருவனந்தபுரம் எழுபதுதான், காலை பாசஞ்சரில் போய் இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். அங்கே உள்ளூரில் (இடத்தின் பெயரே அதுதான்) இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998இல் கேரளப் புலம்பெயர்வுக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்த இடம். நூலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. நாங்கள் மூன்று பேர், ஒருவர் தக்கலை, ஒருவர் குளச்சல், ஞாயிறு மதியம் நாகர்கோவிலில் சந்திப்போம். ஒருவர் டிசைன் சொல்ல வேண்டும், மற்ற இருவர் அதைக் கொல்ல வேண்டும். பஸ் யோசனையைக் குளச்சல்காரர்தான் கொன்றார்.

ஆறு மாதத்தில் சினாப்சிஸ் கொடுக்க வேண்டியவர்கள்: இரண்டு வாரம் அம்புப் படம், இரண்டு மாதம் தி எஃபெக்ட் முதல் பாதியும் டிஐடி அத்தியாயமும், மீதி நாள் முழுக்கத் தரவு. சுய உதவிக் குழுத் தலைப்பை விட முடியாது என்று கைடு சொன்னால் சண்டை போடாதீர்கள். இந்திய மனித மேம்பாட்டுக் கணக்கெடுப்பின் (ஐஎச்டிஎஸ்) கோப்பை இலவசமாக இறக்குங்கள், 2004–05இல் 41,554 வீடுகள், 2011–12இல் பெரும்பாலும் அதே வீடுகளுக்கு மறுபடி போயிருக்கிறார்கள். ஒரே வீடு குழுவில் சேர்வதற்கு முன்பும் பின்பும் கிடைக்கிறது. குமரிக்கு மட்டும் எடுத்தால் எண்ணிக்கை போதாது, தமிழ்நாடு முழுக்க எடுத்து, தலைப்பின் பின்பாதியை மாற்ற மட்டும் கைடிடம் சம்மதம் வாங்குங்கள். நான் போன மாதம் வாங்கிவிட்டேன். மூன்று தடவை டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.